திகதி போடாத கடிதம்

வேகப் பாதை அதிகாரி ஐயாவுக்கு,

நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நீங்கள் நலமென்று நம்புகிறேன்.

2012 ஆகஸ்ட் 13க்கும் 2014 ஜனவரி 1க்கும் இடையில் அவுஸ்திரேலியாவுக்கு வள்ளமேறி வந்தவர்களுக்காக வெட்டிய அகதி விசாரணைப் பாதைக்கு 'வேகப் பாதை' என்று பெயர் வைத்தவர் யாரென்று தெரிந்தால் சொல்லுங்கள், எங்கள் ஊர்ப் பிள்ளையாருக்கு அவர் பேரில் ஒரு அர்ச்சனை செய்விக்கலாம். இதில் ஏறும்போது எனக்குத் தலைமயிர் முழுக்கக் கறுப்பு.

நேர்காணலில், நாட்டில் வைத்து என்னைப் பிடித்துக்கொண்டு போன நாளைக் கேட்டீர்கள். மாரி காலம், புதன்கிழமை என்றேன். வந்திறங்கிய கிறிஸ்மஸ் தீவில் வெள்ளிக்கிழமை என்று சொல்லியிருந்தேனாம். ஐயா, என் தலையில் பெற்றோல் ஊற்றிக் கட்டிய சொப்பிங் பையைப் பற்றிக் கேட்டிருக்கலாமே. பச்சை நிறம். ஒரு காது அறுந்தது. உள்ளே வெங்காயத் தோல் ஒன்று ஒட்டிக் கிடந்தது. எத்தனை தரம் கேட்டாலும் பிசகாமல் சொல்லியிருப்பேன். ஆனால் உங்கள் படிவத்தில் வெங்காயத் தோலுக்குக் கட்டமில்லை.

மொழிபெயர்ப்பாளரையும் குறை சொல்லமாட்டேன். "அண்டைக்கு எப்பிடியோ பிழைச்சிட்டன்" என்றேன். தவறு செய்துவிட்டதாகப் பதிவாகியிருக்கிறது. உயிர் தப்புவதற்கும் தவறு செய்வதற்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் என் தாய்மொழியும் உங்கள் பக்கம்தான் சாட்சி.

என் விண்ணப்பத்தை நிராகரித்த பிறகுதான் டொக்டரிடம் போனேன். மனவடு, நாள் கிழமை குழம்புவது இதில் வழமை என்று கடிதம் தந்தார். அதை அனுப்பினால், மீளாய்வில் 'புதிய தகவல்' விசேட காரணமின்றி ஏற்கப்படாது என்றார்கள். என்னைக் கூப்பிட்டுக் கேட்கவுமில்லை. தாளைப் பார்த்தே தீர்ப்பு. நோய் பழசு, தாள்தான் புதுசு.

ஐ.நா. அகதிகள் ஆணையம் 1979இல் ஒரு கைநூல் போட்டது. மனம் குலைந்தவர் வந்தால் வைத்தியரைக் கேளுங்கள், நிரூபிக்கும் சுமையைக் குறையுங்கள் என்று அதில் இருக்கிறது. உங்கள் அலுமாரியிலும் ஒரு பிரதி இருக்கும், மேல்தட்டில் பாருங்கள்.

2023இல் தற்காலிக விசாக்காரர் ஏறக்குறைய 19,000 பேருக்கு நிரந்தர விசாவுக்கு வழி திறந்தீர்கள். சந்தோசம். நிராகரிக்கப்பட்ட நாங்கள் அந்தக் கணக்கில் இல்லை. 2024 ஒக்டோபரில் அந்த மீளாய்வு முறையையே இழுத்து மூடினீர்கள். அது சரியில்லாத பாதை என்றால், அதில் வந்த என் தீர்ப்பு மட்டும் எப்படிச் சரி?

டொக்டர் இராக் குளிசையைக் கூட்டியிருக்கிறார். நாளையை யோசிக்காமல் படுக்கச் சொல்கிறார். நாளையும் நான் இங்கே இருப்பேனா என்று அவரிடம் கேட்டேன். அது தன் துறை இல்லையாம்.

இப்படிக்கு,
பிழைத்தவன்

பி.கு.: கடிதத்தில் திகதி போடவில்லை. பிறகு அதையும் ஒப்பிட்டுப் பார்ப்பீர்கள்.