இஸ்திரிப்பெட்டியும் எட்டுக்கால் பூச்சியும்

சென்னை ரிச்சி தெருவில் தாமிரம் பூசிய பலகை ஒன்று, ஃபெரிக் குளோரைடு ஒரு பொட்டலம், 555 ஐசி இரண்டு. இவ்வளவுதான் வாங்கி வந்தார் நண்பர். எல்.ஈ.டி. ஒன்றை மினுக்கப்போகிறாராம். "மத்ததெல்லாம் வீட்டிலேயே இருக்கு" என்றார். அவர் மனைவி அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

'மத்தது' என்னவென்று மாலைக்குள் தெரிந்தது: இஸ்திரிப்பெட்டி, பாத்திரம் தேய்க்கும் கம்பி நார், இட்லி மாவு டப்பா, நகப்பூச்சு அழிக்கும் திரவம், அம்மணி இன்னும் படித்து முடிக்காத வார இதழ்.

வீட்டிலேயே சர்க்கியூட் பலகை செய்யும் விஷயம் எளிது. லேசர் பிரின்டரின் டோனர் மை அல்ல, பிளாஸ்டிக் தூள். வழவழப்பான தாளில் சர்க்கியூட் படத்தை அச்சடித்து, தாமிரத்தின் மேல் கவிழ்த்து இஸ்திரி போட்டால், டோனர் உருகித் தாமிரத்தில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் ஊறவைத்துத் தாளை உரித்தெடுத்து, பலகையை இட்லி மாவு டப்பாவில் கரைத்த ஃபெரிக் குளோரைடில் போட வேண்டும். டோனர் மூடாத இடமெல்லாம் கரைந்துபோகும். கரைய வேண்டிய தாமிரம் பெரும்பாலும் 35 மைக்ரான் கனம்தான்.

வீட்டிலிருந்த இங்க்ஜெட் பிரின்டரில் அடித்த முதல் தாள் தண்ணீர் பட்டதும் அழுதுவிட்டது. ஜெராக்ஸ் கடைக்காரர் வார இதழின் பக்கத்தைத் தடவிப் பார்த்து, "மெஷின்ல சிக்கிக்கும் சார்" என்றார். கெஞ்சிக் கூத்தாடித்தான் காரியம் நடந்தது. இஸ்திரியில் சூடு குறைந்தபோது பாதிக் கோடுகள் தாளோடு போயின. கூட்டியபோது பக்கத்துப் பக்கத்துக் கோடுகள் உருகிக் கைகோத்துக்கொண்டன. மூன்றாவது முறை தேறியது.

ஃபெரிக் குளோரைடு கரைசல் பார்ப்பதற்கு ஃபில்டர் காபி டிகாக்‌ஷன். வேட்டியில் பட்டால் அந்த வேட்டி இனி கறையோடுதான் வாழும். மிச்சத்தை நண்பர் சமையலறைத் தொட்டியில் கொட்டினார். எவர்சில்வர் என்று பெயர் வைத்தவருக்கு ஃபெரிக் குளோரைடைத் தெரியாது போலும். தொட்டி புள்ளி புள்ளியாக அரித்துப்போனது. தாமிரம் கரைந்த அந்த நீரைச் சாக்கடையில் விடுவதே தப்பு என்பது வேறு கதை.

துளையிட்டு, பற்றவைத்து, 9 வோல்ட் பேட்டரியை மாட்டினார். எல்.ஈ.டி. கண் திறக்கவில்லை. ஐசி மட்டும் விரலைச் சுட்டது.

மனைவி அச்சடித்த தாளையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏங்க, படம் ஐசி உட்காரும் மேல்பக்கத்திலிருந்து பார்க்கிற மாதிரிதானே இருக்கு, தாமிரம் அடிப்பக்கமாச்சே. கவிழ்த்துத் தேய்க்கும்போதே படம் ஒரு தடவை திரும்பிடுமே. நீங்க எதுக்கு கம்ப்யூட்டர்ல இன்னொரு தடவை திருப்பினீங்க?"

555 ஐசியில் ஒன்றாம் கால் பூமி, அதற்கு நேரெதிரே உள்ள எட்டாம் கால் மின்சாரம். இடவலம் மாறியதில் இரண்டும் இடம் மாறிவிட்டன. கடைசியில் இரண்டாவது ஐசியின் எட்டுக் கால்களையும் எதிர்ப்பக்கம் மடக்கி, செத்த பூச்சிபோல மல்லாத்திப் பற்றவைத்தார். எல்.ஈ.டி. மினுக்கியது.

இப்போதெல்லாம் படத்தின் மூலையில், தாமிரப் பக்கத்தில் படிக்கும்படி, 'க' என்று ஓர் எழுத்தைச் சேர்த்துவிடுகிறார். தாளில் அது இடவலம் மாறித் தெரிந்தால்தான் தாமிரத்தில் நேராக விழும். புது இட்லி மாவு டப்பாவிலும் ஓர் எழுத்து இருக்கிறது. அது மனைவி எழுதியது.