அப்டேட் புராணம்

2002 ஜனவரி 15-ஆம் தேதி பில் கேட்ஸுக்கு ஞானம் பிறந்தது. தன் ஊழியர்கள் அத்தனை பேருக்கும் நீளமாக ஒரு கடிதம் எழுதினார். சாராம்சம் இவ்வளவுதான்: புதுப்புது வசதிகள் அப்புறம், பாதுகாப்புதான் முதலில். விண்டோஸில் வேலை பார்த்த ஆயிரக்கணக்கான புரோகிராமர்களைக் கையில் இருந்ததைக் கீழே வைக்கச் சொல்லி, ஓட்டை இல்லாமல் கோடு எழுதுவது எப்படி என்று கிளாஸ் எடுத்தார்கள். ஆஹா என்று ஊரே மெச்சியது. சரியாக ஒரு வருடம் பத்து நாள் கழித்து ஸ்லாம்மர் வந்தது.

ஸ்லாம்மர் ஒரு குட்டி வார்ம், அதாவது கம்ப்யூட்டர் விட்டுக் கம்ப்யூட்டர் தானே தாவுகிற வைரஸ். மொத்தமே 376 பைட். இந்தப் பத்தி அதைவிடப் பெரிசு. மைக்ரோசாஃப்ட்டின் டேட்டாபேஸ் சர்வரில் இருந்த ஓட்டை வழியாகப் புகுந்து, பத்தே நிமிடத்தில் உலகத்தைச் சுற்றிவிட்டது. பேங்க் ஆஃப் அமெரிக்கா ஏடிஎம்கள் பணம் தர மறுத்தன. தென் கொரியாவில் இன்டர்நெட்டே படுத்துவிட்டது. இத்தனைக்கும் அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் ஆறு மாதம் முன்பே வந்தாகிவிட்டது. அதைப் போடாமல் மெத்தனமாக இருந்து அடி வாங்கிய கம்பெனிகளில் ஒன்றின் பெயரை, கண்ணை ஒருமுறை கசக்கிக்கொண்டு படியுங்கள்: மைக்ரோசாஃப்ட்.

ரொம்பச் சிரிக்காதீர்கள். சர்வர்களைக் கட்டி மேய்க்கிறவர்களுக்கென்று ஒரு வேதவாக்கு உண்டு: 'ஓடுற மெஷினை நோண்டாதே!' பேட்ச் போட்டால் எது நின்றுபோகும் என்று அதை எழுதினவருக்கே தெரியாது. திருடன் வருவானா என்பது சந்தேகம். பில்லிங் நின்றுபோனால் மேனேஜர் வருவார் என்பது நிச்சயம். நீங்களாக இருந்தால் யாருக்குப் பயப்படுவீர்கள்?

அதே 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் வந்தது. இதற்கும் பேட்ச் ஜூலையிலேயே தயார். இதையும் பாதி உலகம் போடவில்லை. 'சம்பாதித்தது போதும், சாஃப்ட்வேரை ஒழுங்காகச் சரி செய்' என்கிற ரீதியில் அதன் உள்ளே பில் கேட்ஸுக்கு ஒரு வசவு வேறு. கூடவே, மாட்டிய கம்ப்யூட்டர்கள் எல்லாம் சேர்ந்து மைக்ரோசாஃப்ட்டின் அப்டேட் தளத்தை அடித்து நொறுக்க, வார்மை எழுதியவர்கள் தேதி குறித்திருந்தார்கள். ஆனால் அவர்கள் எழுதி வைத்த முகவரி, உண்மையான தளத்துக்கு ஆளைத் திருப்பிவிடுகிற வெறும் வாசல்தான். மைக்ரோசாஃப்ட் அந்த வாசலையே கழற்றிவிட்டது. படை வந்தது, கோட்டையைக் காணோம்!

ஒரு வாரத்தில் மேடை ஏறினார் ஒரு நல்லவர். பெயர் வெல்ச்சியா. இதுவும் வார்ம்தான், அதே ஓட்டை வழியாகத்தான் நுழையும். ஆனால் பாருங்கள், உள்ளே பிளாஸ்டர் இருந்தால் அதை ஒழித்துக்கட்டும். மைக்ரோசாஃப்ட்டிடமிருந்து பேட்சைத் தானே இறக்கி, தானே இன்ஸ்டால் செய்து, தானே ரீஸ்டார்ட் கொடுக்கும். 2004 பிறந்ததும் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். இத்தனை தியாகத்தை எம்ஜிஆர் படத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். இந்தத் தியாகி கிளப்பிய டிராஃபிக்கில் ஏர் கனடாவின் செக்-இன் கவுண்டர்களும் அமெரிக்கக் கடற்படையின் நெட்வொர்க்கும் மூச்சுத் திணறின. பிளாஸ்டரே தேவலை!

அப்படியே 2017-க்கு ஒரு தாவு. மே 12, வெள்ளிக்கிழமை. பிரிட்டிஷ் ஆஸ்பத்திரிகளின் திரைகளில் '300 டாலர் வை, இல்லையென்றால் ஃபைல்களை மறந்துவிடு' என்றது வான்னாக்ரை வைரஸ். அது நுழைந்த விண்டோஸ் ஓட்டையை முதலில் கண்டுபிடித்தது யார் தெரியுமோ? அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு ஏஜென்சி, என்எஸ்ஏ. கண்டுபிடித்து, உளவு பார்க்க உதவுமே என்று யாரிடமும் சொல்லாமல் பத்திரமாக வைத்திருந்தார்கள். அவர்களிடமிருந்தே அதை யாரோ திருடி நடுத்தெருவில் கொட்டிவிட்டார்கள். பெயரில் பாதுகாப்பு இருக்கிறது, அதுவரைக்கும் சரி.

பழியை எல்லோரும் சேர்ந்து விண்டோஸ் எக்ஸ்பி மேல் போட்டார்கள். கிழட்டு எக்ஸ்பியை வைத்து மாரடித்தால் இப்படித்தான் ஆகும் என்று டிவிக்கு டிவி நிபுணர்கள். பிற்பாடு ஆராய்ச்சியாளர்கள் சோதித்துப் பார்த்தால், வைரஸ் உள்ளே நுழைந்ததும் எக்ஸ்பி பெரும்பாலும் நீலத்திரை காட்டி மயங்கி விழுந்துவிட்டது. வைரஸை ஓட்டக்கூட அதற்குத் தெம்பில்லை! மாட்டியதில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 மெஷின்கள். இரண்டு மாதமாக இலவசமாகவே காத்திருந்தது அவற்றுக்கான பேட்ச். 'அப்புறம் ஞாபகப்படுத்து' பட்டனை அழுத்தியவர்கள் வாயே திறக்கவில்லை.

அப்டேட் போடு, அப்டேட் போடு என்று உலகம் பூராவும் அலறிக்கொண்டிருந்தபோதே, ஒன்றரை மாதத்தில் நாட்பெட்யா வைரஸ். உக்ரைனில் வரிக்கணக்கு பார்க்க எம்.ஈ.டாக் என்று ஒரு சாஃப்ட்வேர் உண்டு. ஹேக்கர்கள் அதன் அப்டேட் சர்வருக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டார்கள். சொன்ன பேச்சைக் கேட்டு ஒழுங்காக அப்டேட் போட்ட நல்ல பிள்ளைகளுக்குத்தான் முதல் அடி.

டென்மார்க்கின் மெர்ஸ்க் கம்பெனி அப்போது உலகக் கன்டெய்னர் கப்பல் சரக்கில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைச் சுமந்துவந்தது. அதன் உக்ரைன் கிளையில் அந்தக் கணக்கு சாஃப்ட்வேர் இருந்தது, போதாதா? சில மணி நேரத்தில் கம்பெனியே இருண்டது. யார் யார் உள்ளே வரலாம் என்ற பட்டியலை வைத்திருக்கும் டொமைன் கன்ட்ரோலர்கள் உலகம் முழுக்கச் சுமார் 150 இருந்தன. ஒன்று போனால் இன்னொன்று கைகொடுக்கும் என்பது ஏற்பாடு. எல்லாம் ஒரே நேரத்தில் போகும் என்று யாரும் யோசிக்கவில்லை.

ஒன்றே ஒன்று பிழைத்தது, ஆப்பிரிக்காவின் கானாவில். ஏதாவது உயர்தர ஃபயர்வாலா? ராணுவத் தரப் பாதுகாப்பா? கரண்ட் கட்! வைரஸ் வந்த நேரத்தில் அங்கே கரண்ட் இல்லை. மின்வாரியத்தைத் திட்டும் மகாஜனங்கள் இங்கே எழுந்து நின்று மரியாதை செய்யலாம்.

பிழைத்த கன்ட்ரோலரின் அந்தப் புண்ணிய டிஸ்க்கில் இருந்ததை, மீட்பு வேலை நடந்த இங்கிலாந்துக்கு இன்டர்நெட்டில் அனுப்பலாமென்றால் நாள் கணக்கில் ஆகும். சரி, டிஸ்க்கையே ஆள் கொண்டுவரட்டும் என்றால் கானா ஆபீஸில் யாரிடமும் பிரிட்டிஷ் விசா இல்லை. ஆகவே ஒருவர் நைஜீரியா வரை பறந்து போய் ஏர்போர்ட்டில் கைமாற்ற, இன்னொருவர் அதை லண்டனுக்குக் கொண்டுபோனார். பத்து நாளில் 45,000 கம்ப்யூட்டர்களையும் 4,000 சர்வர்களையும் புதிதாக நிறுவி எழுந்தது மெர்ஸ்க்.

இதற்கெல்லாம் என் கொள்கை ஒன்றுதான்: அப்டேட் போடத்தான் வேண்டும், ஆனால் முதல் பந்தியில் உட்காரக் கூடாது. நாலு பேர் சாப்பிட்டு என்ன ஆகிறார்கள் என்று பார்த்துவிட்டு இலை போட்டால் போதும். உலகத்தின் பெரிய பெரிய ஐடி மேனேஜர்களுக்கும் இதே கொள்கைதான். அவர்களைத்தான் 2024 ஜூலை 19-இல் கிரௌட்ஸ்ட்ரைக் கவனித்துக்கொண்டது.

கம்ப்யூட்டருக்குள் நுழைகிற திருடனைப் பிடிக்கிற கம்பெனி அது. அன்று அனுப்பிய ஒரு குட்டி ஃபைலால் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலம் பாரித்தன. சாஃப்ட்வேரின் ஒரு பக்கம் 21 தகவல் எதிர்பார்த்தது, மறு பக்கம் 20-தான் தந்தது, விஷயம் அவ்வளவுதான். நம்மூர் ஏர்போர்ட்டுகளில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். '78 நிமிடத்தில் ஃபைலைத் திரும்பப் பெற்றுவிட்டோம்' என்றது கம்பெனி. விழுந்த மெஷின்கள் பெரும்பாலானவற்றுக்கு மட்டும் ஆள் நேரில் போய் நிற்க வேண்டியிருந்தது. அப்புறம் அந்த இரண்டாம் பந்திக்காரர்கள்? 'எங்களுக்கு ஒரு வெர்ஷன் பின்னால் இருந்தால் போதும்' என்று செட்டிங்கில் டிக் அடித்து வைத்த மேனேஜர்கள்? அந்த செட்டிங் இந்த வகை ஃபைலுக்குப் பொருந்தாதாம். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பரிமாறிவிட்டார்கள்!

கம்பெனித் தலைவர் ஜார்ஜ் கர்ட்ஸுக்கு இது முதல் அனுபவம் என்று பரிதாபப்படுகிறீர்களா? 2010-இல் மெக்கஃபி என்ற ஆன்டிவைரஸ் கம்பெனியின் அப்டேட் ஒன்று விண்டோஸின் சொந்த ஃபைலையே வைரஸ் என்று பிடித்து, கூட்டம் கூட்டமாக எக்ஸ்பி மெஷின்களைச் சாய்த்தது. அப்போது அங்கே தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி யார் என்கிறீர்கள்? இதே கர்ட்ஸ்தான். இந்த முறை சிரமத்துக்கு வருந்தி, கூட நின்று உழைத்த பார்ட்னர்களுக்குக் கிரௌட்ஸ்ட்ரைக் 10 டாலர் ஊபர் ஈட்ஸ் கூப்பன் அனுப்பியது. ஏகப்பட்ட பேர் ஒரே சமயத்தில் பயன்படுத்தியதால், மோசடி போலிருக்கிறதே என்று ஊபர் அதை நிறுத்தி வைத்துவிட்டது.

ஊரே விழுந்து கிடந்த அந்த நேரத்தில் அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் விமானங்கள் மட்டும் ஜம்மென்று பறந்தன. 'அவர்கள் இன்னும் விண்டோஸ் 3.1-தான் வைத்திருக்கிறார்கள், அதனால்தான் தப்பினார்கள்' என்று ஒரு கதை கிளம்பியது. அப்டேட் விரோதிகள் கொண்டாடித் தீர்த்துவிட்டார்கள். சுத்தப் பொய். சவுத்வெஸ்ட்டில் கிரௌட்ஸ்ட்ரைக் கிடையாது, அவ்வளவே. ஆனால் ஊழியர்களை எந்த விமானத்தில் ஏற்றுவது என்று பார்க்கிற பழைய சாஃப்ட்வேர் ஒன்று அவர்களிடம் நிஜமாகவே இருந்தது. 2022 டிசம்பர் பனிப்புயலில் அது கையை விரிக்க, 16,000 விமானங்களுக்கு மேல் ரத்து. யார் எந்த ஊரில் நிற்கிறார்கள் என்று கம்பெனிக்கே தெரியாததால், 'நான் இங்கேதான் இருக்கிறேன்' என்று சொல்ல பைலட்டுகள் ஆபீஸுக்குப் போன் போட்டு மணிக்கணக்கில் ஹோல்டில் காத்திருந்தார்கள்.