நெய்தல் நிலத்தில் கோதுமையின்மை: நல்லம்பள்ளிக் குடும்பம் ஒன்றை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

தருமபுரி மாவட்டத்தில் கடல் இல்லை. ஒகேனக்கல்லைக் காட்டிப் பிள்ளைகளைக் கொஞ்ச வயதுவரை ஏமாற்றலாம். பள்ளிக்கூடத்தில் வரைபடம் பார்த்த பிறகு அதுவும் நடக்காது. நல்லம்பள்ளிக்காரர் உப்புக்காற்று வாங்க வேண்டுமென்றால் அரூர், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் என்று கிழக்கே போய்க்கொண்டே இருக்க வேண்டும். அப்படி மரக்காணத்துக்குப் புறப்பட்ட ஒரு குடும்பத்தில் கோதுமை ஆகாத சிறுமி ஒருத்தி இருந்தால், அவள் அங்கே எதைச் சாப்பிடுவாள்? இவ்வாய்வு எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான். பல்கலைக்கழகங்கள் இதை ஏன் இதுவரை தீண்டவில்லை என்பது தனி ஆய்வுக்குரியது. அதற்கும் நிதி கேட்டு விண்ணப்பிக்க உத்தேசம்.

சிக்கலின் பெயர் சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை என்ற மூன்று தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்கிற பசைப்புரதம் உள்ளே போனால், நோய் எதிர்ப்புச் சக்தி ஆள் தெரியாமல் சொந்தக் குடலையே அடிக்கிறது. சத்தை உறிஞ்சும் குடலின் உட்சுவர் தேய்ந்துபோகிறது. தின்றது உடம்பில் ஒட்டுவதில்லை. இதற்கு மாத்திரை கிடையாது, ஆயுளுக்கும் பத்தியம்தான். 2016இல் வெளிவந்த இந்திய ஆய்வு ஒன்று, இந்நோய்க்கான அடையாளம் வடக்கே நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேலாகவும், தெற்கே ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவிலும் ரத்தத்தில் தென்படுவதாகச் சொல்கிறது. தமிழ்நாட்டு ஓட்டல் சர்வருக்கு இது கேள்விப்படாத சங்கதியாக இருப்பதில் ஆச்சரியமில்லை.

முன்னோர் கண்டவை

இத்தாலியின் போலோனா நகரத்து பெக்காரி கோதுமை மாவைத் தண்ணீரில் அலசி அலசி, மாவுச்சத்தைக் கழுவிவிட்டு, கடைசியில் மிஞ்சிய ரப்பர் போன்ற பசையைத் தனியே எடுத்தார். அவருடைய கட்டுரை 1745இல் அச்சேறியது. திருநெல்வேலி அல்வா மாஸ்டரும் கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பிழிந்து இதே வேலையைத்தான் செய்கிறார். பெக்காரி பாலைக் கொட்டிவிட்டுச் சக்கையை வைத்துக்கொண்டார். நம்மவர் சக்கையைக் கொட்டிவிட்டுப் பாலை வைத்துக்கொண்டார். இருவரில் யார் விஷயம் தெரிந்தவர் என்பதில் இவ்வாய்வாளருக்குச் சந்தேகமே இல்லை. (அதற்காகச் சீலியாக் பிள்ளைக்கு அல்வாவை ஊட்டிவிடக் கூடாது. பாலிலிருந்து பசை முழுக்கப் போய்விடுவதில்லை.)

அடுத்தவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கே. 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் அந்நாட்டில் ரொட்டிக்குத் தட்டுப்பாடு வந்தது. ஊரே மெலிந்தபோது சீலியாக் பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். குற்றவாளி கோதுமைதான் என்று 1950இல் தம் ஆய்வேட்டில் எழுதினார்.

ஆனால் கடற்கரைப் பயணம், குடும்பம், கோதுமையில்லாச் சாப்பாடு ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதிய முதல் ஆசிரியர் நல்லூர் நத்தத்தனார்தான். அவருடைய சிறுபாணாற்றுப்படை, சுற்றத்தோடு நடந்துபோகும் பாணனுக்கு எந்த ஊரில் என்ன கிடைக்கும் என்று சொல்லும் நூல். எயிற்பட்டினத்தில் சுட்ட குழல்மீன், கூடவே நுளைமகள் அரித்த தேறல். வேலூரில் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும். ஆமூரில் வெண்சோறும் நண்டும். வழிநெடுக ஒரு மணி கோதுமை இல்லை. எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம்தான் என்பது அறிஞர் கொள்கை. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானையும் அதே நூல் வள்ளல்கள் எழுவர் வரிசையில் வைத்துப் பாடுகிறது. அவன் பெயரைச் சுமக்கும் அதியமான்கோட்டை நல்லம்பள்ளிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆகவே நல்லம்பள்ளி–மரக்காணம் தொடர்பு சங்க காலத்திலேயே நிறுவப்பட்டுவிட்டது. மறுப்பவர்கள் மறுப்புக் கட்டுரை எழுதலாம்.

ஒரே ஒரு இடம் உறுத்துகிறது. பாணன் தேடிப்போகும் நல்லியக்கோடன் அரண்மனையில் விருந்து வீமன் எழுதிய சமையல் நூலின்படி நடக்கிறது. வீமன் வடநாட்டுக்காரர். கோதுமை கலந்திருக்கும் வாய்ப்பை அறவே மறுப்பதற்கில்லை. சீலியாக் பாணர்கள் அரண்மனையைத் தவிர்த்து ஆமூரிலேயே நண்டோடு நின்றிருப்பது நலம்.

இலக்கணமும் இதற்கு இடம் தருகிறது. ஐந்து திணைக்கும் கருப்பொருளாகச் சொன்ன உணவில் தினை, வரகு, சாமை, செந்நெல் எல்லாம் உண்டு. கோதுமைக்கு ஒரு திணையும் இல்லை. பாலைக்குரிய உணவு வழிப்பறியில் வந்த பொருள் என்கிறார்கள். நெடுஞ்சாலை ஓட்டலில் பில் வாங்கியவர்களுக்கு உரை தேவைப்படாது. நெய்தலுக்குரிய உணவு மீனும் உப்பும் விற்றுப் பெற்றது, உரிப்பொருள் இரங்கல். மெனு கார்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தக் குடும்பத்தைப் பார்த்தபோது இலக்கண ஆசிரியர்களின் முன்யோசனை விளங்கியது.

களப்பணி

குடும்பத்தில் அப்பா, அம்மா, ஏழு வயதுப் பாப்பா, மாமன் மகன், ஆயா. பயண ஏற்பாட்டில் வாகனம் அப்பா பொறுப்பு, சாப்பாடு ஆயா பொறுப்பு. ஆயா கேழ்வரகை மூட்டையாகத் தூக்கிக்கொண்டு மாவு மில்லுக்குப் போய், கடை திறக்கும் முன்பே வாசலில் உட்கார்ந்துவிட்டார். "நேத்து சாயங்காலம் கடைசியா என்னத்த அரைச்ச?" என்று கேட்டார். கோதுமை என்று பதில் வந்தது. மெஷினைத் துடைக்கச் சொல்லி, தம் தானியத்தில் ஒரு படியை முதலில் ஓட்டி, அந்த மாவை மாட்டுக்கென்று தனியே கட்டிக்கொண்டு, அதற்கப்புறம்தான் பாப்பாவின் மாவை அரைத்தார். உணவுத் தொழிற்சாலைகள் குளூட்டன் கலக்காமலிருக்க எந்திரத்தைச் சுத்தம் செய்வதற்கு வைத்திருக்கும் விதிமுறைகளை ஆயா படித்ததில்லை. 2023இல் தருமபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் வந்தபோது, "இப்பத்தான் புத்தி வந்துச்சா" என்றவர் அவர்.

வழி ஓட்டல்களில் திரட்டிய வாய்மொழித் தரவுகள் வருமாறு. "இதுல கோதுமை இருக்குங்களா?" என்ற கேள்விக்கு ஒருவர், "கோதுமையெல்லாம் இல்ல சார், மைதாதான்" என்றார். இன்னொருவர் ரவா தோசையைப் பரிந்துரைத்து, "ரவை ஒண்ணும் பண்ணாது சார்" என்று உத்தரவாதம் தந்தார். மூன்றாமவர் பிரச்சினையை உடனே புரிந்துகொண்டார். முகத்தில் அப்படி ஓர் அனுதாபம். "சுகருங்களா? இந்த வயசுலயா? கவலப்படாதீங்க, பாப்பாவுக்குச் சூடா ரெண்டு சப்பாத்தி போடச் சொல்றேன்." தமிழ்நாட்டில் பத்தியம் என்றால் சர்க்கரை, சர்க்கரை என்றால் சப்பாத்தி. இந்தச் சமன்பாட்டை உடைக்கும் துணிவு எந்த ஆய்வாளருக்கும் கிடையாது.

கடற்கரை இன்னும் சிக்கலானது. சுட்ட சோளம், வேகவைத்த வேர்க்கடலை, நுங்கு ஆகியவை ஐயத்துக்கு அப்பாற்பட்டவை. பஜ்ஜி கடலைமாவுதான் என்றாலும் அதே எண்ணெயில் சற்று முன்பு சமோசா நீந்தியிருக்கிறது. ஃப்ரைடு ரைஸ் அரிசிதான், ஆனால் சோயா சாஸில் கோதுமை சேர்வது வழக்கம். மீன் வறுவலில் மசாலா பிடிப்பதற்காக மைதா போடுவதும் உண்டு. ஐஸ்கிரீம் பிரச்சினையில்லை, அதைத் தாங்கும் கோன்தான் பிரச்சினை. பாப்பாவுக்குக் கப் வந்தது. மாமன் மகன் கோனைக் கடைசிவரை நொறுக்கித் தின்று முடிக்கும்வரை அவள் மரக்கரண்டியைக் கடித்துக்கொண்டு அவன் வாயையே பார்த்தாள். இந்தத் தரவை எப்படி வகைப்படுத்துவதென்று தெரியாமல் அப்படியே பதிவு செய்கிறோம்.

பெருங்காயம்

பரோட்டா எதிரிதான், ஆனால் முகம் காட்டி நிற்கும் எதிரி. உள்வீட்டு எதிரி பெருங்காயம். ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்துச் செடியின் வேரிலிருந்து வடியும் பிசின் அது, வீரியம் தாங்காது. அதனால் கோந்தும் மாவும் சேர்த்துக் கூட்டுப் பெருங்காயமாக விற்கிறார்கள். டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் பாருங்கள்: பெரும்பாலும் அந்த மாவு கோதுமை மாவு. சாம்பார், ரசம், பொங்கல், சுண்டல் தாளிப்பு, மோர் என்று அரிசிச் சாப்பாட்டின் அத்தனை அறைகளுக்கும் அதனிடம் சாவி இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ சாம்பாருக்கு ஒரு கிராம் பெருங்காயத் தூள். அதில் பாதி மைதா என்று வைத்துக்கொண்டால் அரை கிராம். மைதாவில் நூற்றுக்கு எட்டுப் பங்கு குளூட்டன் என்றால் 40 மில்லிகிராம். குளூட்டன் இல்லாத உணவென்று சொல்ல இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதிக்கும் உச்சவரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம். ஆக, கோதுமையே தெரியாத இட்லி சாம்பார் தேர்வில் தோற்றது. இந்தக் கணக்கை அப்பா செல்போனில் போட்டுக் காட்டியதும், "அதான் நான் பூண்டு தட்டிப் போடறேன்" என்றார் ஆயா. அவர் பூண்டு தட்டிப் போடுவது குளூட்டனுக்காக அல்ல, டப்பா விலைக்காக என்பது அம்மாவின் மாற்றுக் கருத்து.

கண்டறிந்தது

இரண்டாம் நாள் சாயங்காலம். தங்கிய வாடகை வீட்டில் ஆயா கிண்டிய களி தூக்குச்சட்டியில் உருண்டை உருண்டையாக இருந்தது. தொட்டுக்கொள்ள எதுவும் இல்லை. கரையோரம் ஒரு மீன்காரம்மா தணலில் சங்கரா மீனைச் சுட்டுக்கொண்டிருந்தார். பாப்பா பழக்கதோஷத்தில் கேட்டாள்: "இதுல மைதா இருக்கா?"

மீன்காரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மைதாவா? பழைய மீனுக்குத்தான்டி மாவு பூசுவாங்க. இது காலைல வந்த மீனு. உப்பும் மொளகாத்தூளும்தான்." அப்புறம் தூக்குச்சட்டியை எட்டிப் பார்த்து, "ஆயா, அது கேவுரு களியா? தின்னு எத்தன நாளாச்சு" என்றார்.

உப்பு ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்கு வண்டி ஓட்டித் தானியமாக மாற்றிக்கொண்டு திரும்பிய உமணர் வணிகம் இவ்வாறு மரக்காணம் உப்பளங்களுக்கு அருகிலேயே மீண்டும் தொடங்கியது. பாப்பா இரண்டு மீனை முள் மட்டும் மிச்சம் வைத்துத் தின்றாள். மாற்று விகிதம் குறித்து மட்டும் தரப்புகள் உடன்படவில்லை. ஒரு உருண்டைக்கு ஒரு மீன் என்றார் மீன்காரம்மா. "மில்லுக்காரன வெடிகாலைல எழுப்பி அரைச்ச மாவு இது, ரெண்டு மீனுக்குக் கொறைஞ்சு கட்டாது" என்றார் ஆயா. மீன் இன்றைக்கு என்ன விலை விற்கிறதென்று தெரியுமா என்று அவர் கேட்க, கேழ்வரகு விலை தெரியுமா என்று இவர் கேட்க, ஆய்வாளர் குறிப்பெடுக்க உட்கார்ந்தபோது, சும்மா உட்கார்ந்திருக்கிறவர் தணலை விசிறலாமே என்று இருதரப்பும் ஒரே குரலில் சொன்னார்கள்.