தூங்குமூஞ்சிக் கொம்பியூட்டர்

வாப்பா 2012இல் வாங்கின கொம்பியூட்டர் எழும்பவே அஞ்சு நிமிசம் எடுக்குது. கையில சல்லி கொஞ்சம்தான். தூக்கி வீசவா?
– வாசகர், மருதமுனை

ஹார்ட் டிஸ்க்தானே தூங்குகிறது, முழுப் பெட்டிக்கும் ஏன் தண்டனை? முதல் மாதம் அதற்குப் பதிலாக 240 ஜிபி எஸ்எஸ்டி மட்டும் போடுங்கள். நாளை புதுப் பெட்டி வாங்கினாலும் அது கூடவே வரும். பிறகு ரேம் கூட்டினால், அது வராது. 2012 பெட்டி என்றால் அநேகமாக டிடிஆர்3 ரேம்தான். இன்றைய மதர்போர்டில் அது பொருந்தவே பொருந்தாது. ஆகவே ரேமைப் பாவித்ததாகவே மலிவாக வாங்குங்கள்.

கடற்கரை வீடு. ரேம் பழுதாம், மாத்தணுமாம். உண்மையா?
– வாசகி, சாய்ந்தமருது

வீட்டில் அழிறப்பர் இருக்கிறதா? கரண்டைக் கழற்றிவிட்டு, ரேமின் பொன்னிறப் பற்களை மெல்லத் தேயுங்கள். உப்புக்காற்றுக் கறை போனதும் பல ரேம்கள் மறுபடி வேலை செய்யும்.

இப்படிப் பழைய பெட்டியில் விண்டோஸ் 11 ஏறாதாமே?
– வாசகர், கல்முனை

முறைப்படி ஏறாதுதான். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. அவற்றுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் ஏறும். 4 ஜிபி ரேமில் ஓடும். ஒரு சல்லியும் வேண்டாம். பாதுகாப்புப் புதுப்பிப்பு வராத பெட்டியில் வங்கிக் கணக்கை மட்டும் திறக்காதீர்கள்.