ரயில் ஓடும், பேச்சு அறுபடாது

கேள்வி: ஓடும் ரயிலில் பேசிக்கொண்டே போகிறோம். டவர்கள் பின்னால் போய்விடுகின்றன. பேச்சு மட்டும் அறுபடுவதில்லையே, எப்படி?
– ஒரு வாசகர், விழுப்புரம்

பதில்: நாம் வாய் ஓயாமல் பேசும்போது, கைப்பேசி காது ஓயாமல் கேட்கிறது! சுற்றியுள்ள டவர்களின் சிக்னல் வலிமையை அளந்து நெட்வொர்க்குக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அடுத்த டவர் வலுவானதும் நெட்வொர்க் அழைப்பை அங்கே மாற்றிவிடும். கண்ணிமைக்கும் நேரம்தான், நமக்குத் தெரிவதில்லை.

இப்படி டவர் விட்டு டவர் தாவும் முறைக்கு, அமெரிக்காவின் பெல் ஆய்வகப் பொறியாளர்கள் 1947இல் விதை போட்டார்கள். ஊரைச் சிறு வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி டவர் வைத்தால், ஒரே அலைவரிசையைத் தள்ளியிருக்கும் வட்டாரங்களில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்றார்கள். அலைவரிசை அளவானது, பேசுபவர்களோ கோடிக்கணக்கில். அந்த யோசனை இல்லையென்றால் ஒரு நகரத்தில் ஒரே நேரத்தில் மிகச் சிலரே பேச முடியும்.

1973 ஏப்ரல் 3 அன்று, மோட்டோரோலாவின் மார்ட்டின் கூப்பர் நியூயார்க் தெருவில் நின்று கைப்பேசியில் முதன்முதலாக அழைத்தது யாரை தெரியுமா? போட்டியாளரான பெல் ஆய்வகத்தின் ஜோயல் எங்கலை! முதல் அழைப்பே வம்பிழுப்புதான்.

கூடவே ஒன்று: டவர் தூரமானால், எட்ட நிற்பவரிடம் நாம் கத்துவதுபோல, போனும் சக்தியைக் கூட்டும், சார்ஜ் கரையும். சிக்னலே இல்லாத இடத்தில் ஃப்ளைட் மோடு போட்டுவிடுங்கள்.