சும்மா கிடக்கிற காணிக்குச் சம்பளம்

அமெரிக்கன் விவரமில்லாதவன். 1985இல் ஒரு சட்டம் போட்டான்: கமக்காரன் தன் காணியை உழாமல் விட்டுப் புல்லோ மரமோ வளர்த்தால், ஏக்கர் கணக்கில் வருடாவருடம் அரசாங்கம் வாடகை கொடுக்கும். மண் அரிக்காது, தண்ணீர் கெடாது, பறவைகள் பெருகும். பத்துப் பதினைந்து வருட ஒப்பந்தம்; விரும்பாதவன் சேரத் தேவையில்லை. எவ்வளவு காசு, எத்தனை கையெழுத்து!

எங்கள் இலங்கை அரசாங்கம் அதே வேலையை ஒரு சதம் செலவில்லாமல் செய்து காட்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் மருதனார்மடம் சந்தியிலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே போங்கள். சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை தாண்டினால் மயிலிட்டி, பலாலி, கட்டுவன் பக்கம் வரும். வெங்காயமும் புகையிலையும் வாழையும் கொழித்த செம்பாட்டு மண். 1990 ஜூனில் போரால் சனம் எழும்பி ஓடியது. பின்னால் ஆமியின் முள்வேலி விழுந்தது. 2011இல் அவசரகாலச் சட்டம் போனது, வேலி போகவில்லை. 2013 ஏப்ரலில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டினார்கள். எங்கள் கணக்கில் ஒரு லட்சம் பரப்புக்கு மேல். உரிமையாளர்களைக் கண்டுபிடிக்க முடியவில்லையாம்! அந்த உரிமையாளர்கள் மல்லாகம் கோணப்புலத்திலும் சுன்னாகம் சபாபதிப்பிள்ளை முகாமிலும் காணி உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றி வைத்துக்கொண்டு கொட்டிலுக்குள் இருந்தார்கள். வாக்குக் கேட்டுப் போனவர்களுக்கு மட்டும் அந்தக் கொட்டில்களுக்கு வழி நன்றாகத் தெரிந்தது.

வழக்குப் போட்டார்கள், வீதியில் இருந்தார்கள். 2015க்குப் பிறகு துண்டு துண்டாகக் கொஞ்சம் விட்டார்கள். மிச்சம் இன்னும் உள்ளே.

சரி, இயற்கையாவது பிழைத்துப் போகட்டும் என்று மனதைத் தேற்றவும் வழியில்லை. காணி தரிசாகக் கிடந்தால்தானே? ஆமி தோட்டம் செய்தது, மரக்கறி விற்றது. கட்டுவனில் காணி வைத்திருக்கிறவன் மருதனார்மடம் சந்தையில் விலை பேசி அரைக் கிலோ வெங்காயம் வாங்கினான். தையிட்டியில் தனியார் காணியில் ஒரு விகாரையே முளைத்துவிட்டது. என்ன உரம் போட்டார்களோ!

உரத்தின் கதை தனி. மண்ணைக் காக்கிறேன் என்று 2021 மே மாதம் ஒரே வர்த்தமானியில் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ. நவம்பரில் பின்வாங்கினார். 2022 ஜனவரியில் அறிவித்த 4,000 கோடி ரூபா நட்டஈடு நெல்லுக்கு. பிறகு வந்தவர்கள் 2024/25 பெரும்போகத்துக்கு ஹெக்டேயருக்கு 25,000 ரூபா உர மானியம் என்றார்கள், அதுவும் நெல்லுக்கு. கிணற்றுத் தண்ணீர் இறைத்து வெங்காயம் போடுகிற செம்பாட்டுக்காரன் அந்த வரிசையில் எங்கே நிற்பது? வேலிக்கு வெளியே இருக்கிறவனுக்கே இந்தக் கதி.

ஆனால் வனவிலங்குச் சரணாலயம் நடத்தத் தெரியாது என்று யாரும் குறை சொல்ல முடியாது. 2025 ஏப்ரலில் வேலிக்குள்ளே போகும் வசாவிளான் – பலாலி வீதியைத் திறந்துவிட்டார்கள். அப்போது போட்ட விதிகள்: காலை ஆறு முதல் மாலை ஐந்து வரை மட்டும். நடக்கக் கூடாது. வண்டியை நிறுத்தக் கூடாது. இடையில் திரும்பக் கூடாது. படம் எடுக்கக் கூடாது. யால காட்டிலாவது சிறுத்தையைப் படம் பிடிக்கலாம். இங்கே பிறந்த வளவைப் பிடிக்க முடியவில்லை.

ஆகவே ஐயா, அமெரிக்கன் முறையையே எங்களுக்கும் தாருங்கள். 1990 ஜூன் தொடக்கம் ஏக்கர் வாடகை, வட்டியோடு. இடித்த வீட்டுக்கும் வெட்டிய பனைக்கும் வேறு. ஆமி விற்ற கத்தரிக்காய்க் காசும் வேறு. விண்ணப்பப் படிவம் சிங்களத்தில் வரும், தெரியும். ‘விண்ணப்பதாரர் குறித்த காணியில் வசிப்பவர் என்பதைக் கிராம அலுவலர் நேரில் பார்த்து உறுதிப்படுத்த வேண்டும்’ என்று கடைசியில் ஒரு கூடு இருக்கும், அதுவும் தெரியும். கிராம அலுவலர் வரத் தயார். உள்ளே விட ஆமியிடம் ஒரு கடிதம் மட்டும் எடுத்துக் கொடுங்கள்.