ஹீரோ வேஷம் வேண்டாத டைரக்டர்

கே: அடிக்கடி பீட்டர் முல்லன் புராணம் பாடுகிறீர்களே, யார் அவர்?

ப: 'டிரெயின்ஸ்பாட்டிங்'கில் போதை மருந்து விற்பவர், 'ஓசார்க்' தொடரின் ஜேக்கப் ஸ்நெல், ஹாரி பாட்டரில் யாக்ஸ்லி. 1998-ல் கென் லோச்சின் 'மை நேம் இஸ் ஜோ' படத்தில், குடியை விட்டுத் தலைநிமிரப் போராடும் கிளாஸ்கோக்காரராக வாழ்ந்து, கான் விழாவில் சிறந்த நடிகர் விருதை வாங்கினார்.

கே: அவருக்கு என்ன வயது?

ப: 1959-ல் பிறந்தவர். கணக்கு உங்கள் பொறுப்பு!

கே: நடிகர்கள் ஏன் டைரக்டர் ஆகிறார்கள்?

ப: பல பேர், ஆசைப்பட்ட வேஷத்தைத் தாங்களே போட்டுக்கொள்ளத்தான். 'பிரேவ்ஹார்ட்' படத்தை இயக்கிய மெல் கிப்சன் நாயகன் வாலஸாகக் குதிரையேறினார். அதில் முல்லனுக்குக் கிடைத்தது ஒரு வயசாளிப் போர்வீரர் வேஷம். அதே முல்லன் டைரக்டரானபோது, தனக்கென்று எடுத்து வைத்தவை யாரும் தொடத் தயங்கும் வேஷங்கள். 1970-களின் கிளாஸ்கோ ரவுடிக் கும்பல்களைப் பற்றிய 'நெட்ஸ்' (2010) படத்தில் குடிகார அப்பா. 'தி மேக்டலின் சிஸ்டர்ஸ்' (2002) படத்தில் அதைவிடக் கொடுமை: கன்னியாஸ்திரீகளின் சலவைக்கூடத்திலிருந்து தப்பி ஓடிவந்த மகளை இரவில் அங்கேயே இழுத்துவந்து, மற்றப் பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க பெல்ட்டால் விளாசி, உனக்கு இனி அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை என்று கைகழுவிவிட்டுப் போகும் தகப்பன். திரையில் ஓரிரு நிமிடம்தான். படம் முடிந்த பிறகும் அந்த முகம் போகாது.

கே: அந்தப் படம் கத்தோலிக்கத் திருச்சபையின் மேல் சேற்றை வாரி இறைக்கிறதாமே?

ப: வாட்டிகன் நாளிதழும் அப்படித்தான் கொதித்தது. வெனிஸ் விழா அதற்குத் தங்கச் சிங்கம் கொடுத்தது. அயர்லாந்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய அந்தச் சலவைக்கூடங்கள் கற்பனை அல்ல. கல்யாணம் ஆகாமல் தாயானவர்களையும் பலாத்காரத்துக்கு ஆளானவர்களையும் அடைத்துவைத்துக் கூலி இல்லாமல் துவைக்க வைத்தார்கள். கடைசிக் கூடம் டப்ளினில் மூடப்பட்டது 1996-ல். பிரதமர் என்டா கென்னி நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2013-ல். உள்ளே இருந்த பெண்கள் ஒரு பிரிட்டிஷ் ஆவணப்படத்தில் சொன்னதைக் கேட்டுத்தான் முல்லன் படமெடுத்தார். சேறு ஏற்கனவே அங்கே இருந்தது. அவர் விளக்கைப் போட்டார்.

கே: எதை முதலில் பார்க்கலாம்?

ப: அவருடைய முதல் படம் 'ஆர்ஃபன்ஸ்' (1998). மறுநாள் அம்மாவின் அடக்கம். பிள்ளைகள் நால்வரும் அன்றிரவு கிளாஸ்கோவில் திசைக்கொருவராகத் தவிக்கிறார்கள். புயல் சர்ச்சின் கூரையையே பிய்த்துக்கொண்டு போகிறது. மூத்தவன் சவப்பெட்டியைத் தன்னந்தனியாக முதுகில் சுமக்கப் பார்க்கும் இடத்தில் சிரிப்பும் வரும், தொண்டையும் அடைக்கும். பேசுவது அசல் கிளாஸ்கோ இங்கிலீஷ், அதனால் சப்டைட்டில் அவசியம்.